காசு கொடுத்து வாங்கிய படம் லினக்ஸில் ஓடுமா: எதை வாங்கலாம், எதில் பார்க்கலாம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. திருநெல்வேலியில் இருக்கும் என் சித்தப்பாவின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கணினியைக் கழித்துப் போட மனம் வராமல், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பேங்க் வேலை, மின்னஞ்சல், தமிழ்த் தட்டச்சு எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிட்டது. இடறியது படம் பார்ப்பதில்தான்.

அவர் ரிட்டயர் ஆன வாத்தியார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பழைய படம் பார்த்தால்தான் தூக்கம் வரும். பேரன் அவருக்காக இணையக் கடை ஒன்றில் நாலைந்து படங்களை எச்டி விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தான். அதில் ஒன்றைத் திறந்தபோது முதலில் படமே வரவில்லை. ஒருவழியாக வரவைத்த பிறகு, கல்யாணக் காட்சியில் பின்வரிசையில் நிற்பவர்களின் முகமெல்லாம் குழைந்த மாவு மாதிரி தெரிந்தது. "ஏம்ப்பா, காசு குடுத்து வாங்குனதுதான இது? பெறகு எதுக்கு இப்படித் தெரியுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காக ஒரு மாதம் எல்லா வழிகளையும் போட்டுப் பார்த்தேன். இதே நேரத்தில் லினக்ஸுக்கு மாறியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் ஒன்று. லினக்ஸுக்குப் படம் ஓட்டத் தெரியாது என்று சிலர் சொல்வது தவறு. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸின் கெர்னல் என்ற உள்மையம்தான். குரோம்புக்கிலும் அதுதான். அவற்றில் இதே படம் பளிச்சென்று ஓடுகிறது. நகல் எடுக்க முடியாதபடி படத்தைப் பூட்டித்தான் கடைகள் விற்கின்றன. அந்தக் கருவிகளில் படத்தின் பூட்டைத் திறக்கும் சாவி, பயன்படுத்துகிறவர் தொட முடியாத தனிச் சில்லுப் பகுதியில் இருக்கிறது. நம் மேசைக் கணினியிலோ நாமே ராஜா, எந்த நிரலையும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அந்தச் சுதந்திரத்தைப் பார்த்துத்தான் படக் கம்பெனிகள் தயங்குகின்றன. ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தின் சாவி கடைசியில் யாரிடம் இருக்கப் போகிறது?

பிரவுசரிலேயே பார்ப்பது

செலவில்லாத வழி இதுதான், ஆகையால் எல்லோரும் இங்கேதான் தொடங்குவார்கள். ஒரு காலத்தில் இதுவும் கிடையாது. நெட்ஃபிளிக்ஸ் லினக்ஸில் குரோம் வழியாக ஓடத் தொடங்கியது 2014-இல். ஃபயர்ஃபாக்ஸுக்கு அந்த வசதி 2016-இல் 49-ஆம் பதிப்போடு வந்தது. இரண்டிலும் பூட்டைத் திறக்கிற வேலையைச் செய்வது வைட்வைன் என்ற மென்பொருள். அதை உருவாக்கிய நிறுவனத்தை கூகுள் 2010-இல் வாங்கியது.

படமே வராமல் கறுப்பாக நின்றால் பெரும்பாலும் காரணம் சின்னதுதான். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் அமைப்புகளில் டிஆர்எம் (இந்தப் பூட்டுக்குத்தான் அந்தப் பெயர்) உள்ளவற்றை இயக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட வேண்டும். குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற பிரவுசரைப் போட்டிருந்தால் அதில் வைட்வைன் சேர்ந்து வராது, கூகுள் தரும் குரோமையே நிறுவிக்கொள்ளுங்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருப்பவர்களுக்கு 2021 முதல் அதிகாரபூர்வமாகவே வைட்வைன் பொதி கிடைக்கிறது.

படம் வந்துவிட்டது, சரி. ஏன் மங்கல்? வைட்வைனில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் பூட்டைத் திறப்பதும் காட்சியை விரிப்பதும் அந்தத் தனிச் சில்லுப் பகுதிக்குள்ளேயே நடக்கும். மூன்றாம் நிலையில் எல்லாமே வெறும் மென்பொருளில் நடக்கும். லினக்ஸ் மேசைக் கணினிக்குக் கிடைப்பது மூன்றாம் நிலை மட்டும். அதற்கு எவ்வளவு தரம் தரலாம் என்பதைக் கடைக்காரரும் படக் கம்பெனியும் தங்களுக்குள் முடிவு செய்துகொள்கிறார்கள். சில இடங்களில் எச்டி வரும், சில இடங்களில் 480 வரியோடு நிறுத்திவிடுவார்கள். சித்தப்பாவுக்கு வாய்த்தது இரண்டாவது வகை.

கணக்கைப் பாருங்கள். முழு எச்டி என்பது 1920-க்கு 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 480 வரி அகலத்திரைப் படத்தில் சுமார் 4.1 லட்சம் புள்ளிகள். வாங்கியதில் ஐந்தில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வந்து சேர்கிறது. ஒரு சாதாரண டிவிடியில் 720-க்கு 576, அதுவும் சுமார் 4.1 லட்சம் புள்ளிகள்தான். எச்டி விலை கொடுத்து வாங்கிய படம் அவர் கணினியில் டிவிடியாக வந்து இறங்கியிருக்கிறது. டிவிடியாவது கையில் இருக்கும்.

இன்னொரு குறை, இணையம் இல்லாமல் பார்க்க வழியில்லை. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ இரண்டுமே லினக்ஸ் கணினிக்குத் தரவிறக்க வசதி தருவதில்லை. ஆப்பிள் கடையில் வாங்கித் தரவிறக்கிய படக் கோப்பு கையில் இருந்தாலும், லினக்ஸில் படம் ஓட்டப் பலரும் பயன்படுத்தும் விஎல்சி என்ற மென்பொருளில் ஓடாது. பாட்டுகளுக்குப் பூட்டை எடுக்கப்போவதாக ஆப்பிள் 2009-இல் அறிவித்தது, எடுத்தும்விட்டது. படங்களுக்கு எடுக்கவே இல்லை.

லினக்ஸுக்குள் விண்டோஸை மெய்நிகர் கணினியாக ஓட்டினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். செய்து பார்த்தேன். விசிறி அலறியது, தரம் ஒரு வரிகூடக் கூடவில்லை, ஏனென்றால் அங்கேயும் அந்தத் தனிச் சில்லுப் பகுதி வந்து சேர்வதில்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் என்ற மென்பொருள் வழியாக முயல்வதும் அதே கதை. விண்டோஸையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மாறி மாறி ஏற்றினால் ஓடும்தான். ஆனால் ஒரு படத்துக்காக 70 வயதுக்காரரைத் தினமும் கணினியை அணைத்து ஏற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மானிட்டரில் ஒரு ஸ்டிக்

ஏற்கெனவே வாங்கிவிட்ட படங்களை முழுத் தரத்தில் பார்க்க, நான் முயன்றவற்றில் நேராக வேலை செய்தது இதுதான். எச்டிஎம்ஐ துளையில் செருகி இணையப் படங்களைப் பார்க்க உதவும் ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவி ஸ்டிக் மாதிரியான கருவிகளில் முதல் நிலை வைட்வைன் இருக்கிறது. மானிட்டரின் எச்டிஎம்ஐ துளை ஒன்றில் லினக்ஸ் கணினியும் இன்னொன்றில் ஸ்டிக்கும் இருக்கட்டும். மானிட்டர் பொத்தானை அழுத்தினால் அங்கிருந்து இங்கே மாறிக்கொள்ளலாம்.

இதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்றை நானும் பார்த்தேன். சித்தப்பா ஸ்டிக்கை மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டு, "ஒண்ணும் வரலயேப்பா" என்று போன் பண்ணினார். மடிக்கணினியில் இருப்பது படத்தை வெளியே அனுப்பும் துளை, உள்ளே வாங்கும் துளை இல்லை. ஆக டிவியோ மானிட்டரோ கட்டாயம் வேண்டும். எச்டிஎம்ஐயை உள்வாங்கும் கேப்சர் கார்டு போட்டு ஏமாற்றலாமா என்றால், எச்டிசிபி என்ற கம்பி வழிப் பூட்டு குறுக்கே நிற்கும், திரை கறுப்பாகிவிடும். மானிட்டர் வாங்கும்போது எச்டிசிபி உண்டா என்று பார்த்து வாங்குங்கள். 4கே வேண்டுமென்றால் அதன் 2.2 பதிப்பு தேவை. ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர் என்றால் காதொலித் துளையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று தேடும்படி ஆகும். எந்தக் கடையில் வாங்கினீர்களோ அந்தக் கடையின் ஆப் அந்த ஸ்டிக்கில் கிடைக்கிறதா என்பதையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாலில் டிவி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த நேரம் சித்தி சீரியல் பார்க்கிற நேரம். ஆகவே என்னிடம் சும்மா கிடந்த மானிட்டரைக் கொண்டுபோய் அவர் அறையில் வைத்தேன்.

இந்த வழியில் படம் லினக்ஸில் ஓடுவதில்லை, லினக்ஸுக்குப் பக்கத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். சாவி இன்னமும் கடைக்காரரிடமே. ஒரு தடவை பார்த்துவிட்டு விடுகிற படத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டி

ஸ்டிக் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் சித்தப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே 43 டிவிடிகள். பாதிக்கு மேல் மோசர் பேயர். 2007 வாக்கில் அந்தக் கம்பெனி டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் விற்றது பலருக்கு நினைவிருக்கும். பெட்டிக்கடையில்கூடத் தொங்கின. கம்பெனி 2018-இல் கலைப்புக்குப் போனது. அவர்கள் விற்ற டிவிடி அவர்களைக் கேட்காமலே இன்றும் ஓடுகிறது.

டிவிடியிலும் பூட்டு உண்டு. சிஎஸ்எஸ் என்று பெயர், 1996-இல் வந்தது, சாவியின் நீளம் 40 பிட். எண்ணிப் பார்த்தால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள், ஆனால் பூட்டின் அமைப்பிலேயே ஓட்டைகள் இருந்ததால் அத்தனையையும் முயலத் தேவையில்லாமல் போயிற்று. 1999-இல் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற பையனும் வேறு இருவரும் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டார்கள். அவர் மீது வழக்குப் போட்டார்கள். லினக்ஸில் டிவிடி பார்க்க வழி வேண்டும் என்பதும் அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது, அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. தான் விலை கொடுத்து வாங்கிய டிவிடியைத் தான் திறந்து பார்க்க ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். சித்தப்பா கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

இன்று விஎல்சி டிவிடியைத் திறக்கப் பயன்படுத்துவது லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நிரல் நூலகம் (மற்ற மென்பொருள்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு). விஎல்சியைச் செய்யும் வீடியோலேன் குழுவே செய்தது. சட்டத் தயக்கத்தால் உபுண்டு, டெபியன் இரண்டும் அதை நேரடியாகச் சேர்த்துத் தருவதில்லை. லிப்டிவிடி-பிகேஜி என்ற பொதியை நிறுவினால் அது மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கட்டிக்கொள்ளும். நிறுவியதோடு விட்டுவிடாதீர்கள். முனையத்தில் (டெர்மினலில்) அந்தப் பொதியை மறு அமைவு செய்யும் கட்டளையையும் கொடுத்தால்தான் வேலை முடியும். இந்த இரண்டாவது படியைத் தவறவிட்டு, டிவிடி டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் டிவிடியை யுஎஸ்பி டிவிடி டிரைவில் போட்டோம். சுற்றுகிற சத்தம் கேட்டது, சில விநாடிகள் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நிரல் சாவியைத் தேடுகிறது. கண்டுபிடித்ததை வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் ஒரு கோப்புறையில் எழுதி வைத்துக்கொள்ளும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லித் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வட்டின் பெயரிலும் ஒரு குட்டிக் கோப்புறை இருக்கும். சித்தப்பாவுக்கு அதைக் காட்டியபோது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சாவி அவர் கணினியில், அவர் பெயருள்ள கோப்புறைக்குள் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் டிவிடி கொண்டுவருவார்கள் என்றால், அது எந்த நாடுகளில் ஓடலாம் என்று குறிக்கும் மண்டலக் குறியீட்டைக் கவனிக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஐரோப்பா 2, அமெரிக்காவும் கனடாவும் 1. லிப்டிவிடிசிஎஸ்எஸ் பெரும்பாலும் மண்டலத்தைப் பொருட்படுத்தாமல் திறந்துவிடும், சில டிரைவ்கள்தான் முரண்டு பிடிக்கும். அவசரப்பட்டு டிரைவின் மண்டலத்தை மாற்றாதீர்கள். ஐந்து முறைதான் மாற்றலாம், அதன் பிறகு கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

புளூ-ரே யாருக்கு

தரம் வேண்டும், கையிலும் வேண்டும் என்பவர்களுக்கு இது. முழு எச்டி, 50 ஜிபி வரை கொள்ளும் வட்டு. ஆனால் பூட்டு டிவிடியைப் போல எளிதல்ல. ஏஏசிஎஸ் என்ற இந்தப் பூட்டுக்கு விஎல்சி, லிப்ஏஏசிஎஸ் என்ற நூலகத்தோடு ஒரு சாவிப் பட்டியல் கோப்பையும் எதிர்பார்க்கும். உங்கள் வட்டு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் ஓடாது. இதில் ஒரு விஷயம் என்னை உண்மையிலேயே வருத்தியது. புது வட்டு ஒன்றை டிரைவில் போட்டதும், இனி செல்லாது என்று ரத்து செய்யப்பட்ட மென்பொருள் சான்றுகளின் புதிய பட்டியலை டிரைவே தனக்குள் எழுதிக்கொள்ளும். நேற்றுவரை ஓடிய பழைய வட்டும் அதனால் அந்த மென்பொருளில் நின்றுபோகலாம். நம் காசில் வாங்கிய டிரைவ், நம்மைக் கேட்காமல் மாறிவிடுகிறது.

நடைமுறையில் பலரும் போவது, வட்டிலுள்ள படத்தைக் கோப்பாக மாற்றித் தரும் மேக்எம்கேவி என்ற மென்பொருள் பக்கம். லினக்ஸிலும் ஓடும். திறந்த மூல மென்பொருள் இல்லை. டிவிடிக்கு இலவசம், புளூ-ரே வசதி சோதனைப் பதிப்பாக இருக்கும்வரை அவ்வப்போது வெளியிடும் தற்காலிக உரிமச் சாவியைப் போட்டுப் பயன்படுத்தலாம். 4கே புளூ-ரே வட்டுகளுக்கு எல்லா டிரைவும் ஒத்துவராது, குறிப்பிட்ட மாடல்களைத் தேடி வாங்க வேண்டும்.

தமிழ்ப் படங்கள் புளூ-ரேயில் மிகக் குறைவாகவே வந்திருப்பதால் சித்தப்பாவுக்கு இதை நான் சொல்லவே இல்லை. உலகப் படங்களைச் சேர்க்கிறவர், கணினியில் கை பழகியவர் என்றால் தாராளமாகப் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

பூட்டைத் திறப்பது என்றதும் பயம் வருவது இயல்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவைப் படித்துப் பார்த்தேன். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியம். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்வதை இந்தப் பிரிவு தடுக்காது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் இதைவிடக் கடுமை, உடைப்பதையே தடுக்கிறது. விதிவிலக்குகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசீலிக்கிறார்கள். வாங்கிய படத்தை வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ள விலக்குக் கேட்டவர்களுக்கு அங்கே கிடைக்கவில்லை. அங்கே வசிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருட்டுப் பிரதியை இறக்கினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பது எனக்கும் தெரியும். அந்த வழியை நான் ஒப்பிடவே இல்லை. படம் எடுத்தவனுக்குக் காசு போகட்டும் என்று நினைப்பவருக்குத்தான் இந்தக் கட்டுரை. அப்படி நினைப்பவரைத்தான் இந்தப் பூட்டுகள் அதிகம் படுத்துகின்றன என்பது வேதனை.

பூட்டே இல்லாமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். விமியோ என்ற காணொளித் தளத்தில் சுயாதீனப் படைப்பாளிகள் சிலர் தரவிறக்கத்தோடு விற்கிறார்கள். ஆவணப்படம், குறும்படம் பார்ப்பவர் முதலில் தேட வேண்டிய இடம் அது. கோப்பாக வந்துவிட்டால் உபுண்டுவா விண்டோஸா என்ற பேச்சே எழாது.

கடை மூடினால்

வாங்கு என்ற பொத்தானை அழுத்துமுன் யோசிக்க வேண்டியது இதுதான். வாங்கிய படங்களை இணையத்தில் சேர்த்து வைக்க, பெரிய ஸ்டூடியோக்கள் சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலெட் என்ற சேவை 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. ஜெர்மனி, ஆஸ்திரியாவில் பிளேஸ்டேஷன் கடையில் ஸ்டூடியோகனல் (StudioCanal) நிறுவனத்தின் படங்களை வாங்கியவர்களின் நூலகத்திலிருந்து அவை 2022 ஆகஸ்ட் 31-இல் எடுக்கப்பட்டன. ஃபனிமேஷன் என்ற அனிமே தளத்தில் டிஜிட்டல் பிரதி சேர்த்து வைத்திருந்த அனிமே ரசிகர்கள் 2024 ஏப்ரலில் அவற்றை இழந்தார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி, கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் வாங்கு என்ற சொல்லை டிஜிட்டல் கடைக்காரர் பயன்படுத்தக் கூடாது. எப்போதும் ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளும்படி தரவிறக்கம் தருகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகு சித்தப்பாவிடம் நான் சொன்னது இது. ஒருமுறை பார்க்கிற புதுப் படம் என்றால் வாடகைக்கு எடுங்கள், ஸ்டிக்கில் பாருங்கள், மானிட்டர் சும்மா இருக்கிறதே. அவசரத்துக்கு, கணினியிலேயே மங்கலாகப் பார்த்தாலும் போதும் என்கிற அன்றைக்கு, பிரவுசர். திரும்பத் திரும்பப் பார்க்கிற படமோ, பேரன் பேத்திகளுக்கு வைத்துப் போக நினைக்கிற படமோ என்றால் டிவிடியாகவோ பூட்டில்லாத கோப்பாகவோ மட்டும் வாங்குங்கள், இணையக் கடையில் எச்டி என்ற எழுத்தைப் பார்த்துக் காசைப் போடாதீர்கள். இப்போதெல்லாம் டிவிடி கிடைப்பதே அரிது என்பது உண்மைதான். பழைய கடைகளிலும், வீடு காலி செய்கிறவர்களிடமும் தேடினால் கிடைக்கிறது.

அன்று சாயங்காலமே பேரனுக்குப் போன் போட்டார். "இனிமே அதுல வாங்காத தங்கம். வாங்குறதா இருந்தா சிடியா வாங்கு." டிவிடியையும் அவர் சிடி என்றுதான் சொல்வார்.

அட்டைப்பெட்டியிலிருந்த 43-இல் 39 ஓடிவிட்டன. நான்கு மட்டும் கீறலால் பாதியில் நிற்கின்றன. அவற்றை ஒரு பழைய துணியில் சுற்றித் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வேறு டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும்.